கார்டிசோல் சுரக்கும் செல்லில் பெராக்சைடுக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: "உடம்பில் ஃப்ரீ ராடிக்கல் அதிகமானால் அட்ரினல் சுரப்பி களைத்துப்போய்விடும், கார்டிசோல் குறையும், அதனால்தான் எப்போதும் அசதி, ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் சரியாகும் என்கிறார்கள். ஆக்சிஜனேற்றத்துக்கும் அட்ரினல் ஹார்மோனுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா?"

உண்டு. பலரும் நினைப்பதைவிட நெருக்கமான தொடர்பு. ஆனால் அதை வைத்து மாத்திரைக்குப் போய்விட முடியாது. ஏன் என்று விளங்க, அந்தச் செல்லுக்குள் நடப்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். உயிர்வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல் ஆளுக்கொரு அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. ஒன்றின் எடை நாலைந்து கிராம்தான். நடுவில் உள்ள மெடுல்லா அட்ரினலினைச் சுரக்கிறது. அதைச் சுற்றியுள்ள புறணியில் மூன்று அடுக்கு. வெளி அடுக்கில் உப்பையும் ரத்த அழுத்தத்தையும் கவனிக்கும் ஆல்டோஸ்டீரோன், நடு அடுக்கில் உடம்பு நெருக்கடியைச் சமாளிக்க உதவும் கார்டிசோல், உள் அடுக்கில் பாலியல் ஹார்மோன்களுக்கு மூலப்பொருளாகும் டிஹெச்இஏ. நடு அடுக்குதான் இந்தக் கதையின் களம்.

கார்டிசோல் பற்றி முதலில் மனதில் வைக்க வேண்டியது, அதை யாரும் சேமித்து வைப்பதில்லை என்பது. கணையம் இன்சுலினைப் பொட்டலம் கட்டி வைத்து, தேவைப்படும்போது வெளியே விடுகிறது. அட்ரினல் புறணியில் அப்படி இருப்பு கிடையாது. கல்லிலிருந்து நேராக இலைக்கு வரும் தோசை மாதிரி, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஏசிடிஹெச் என்ற கட்டளை ஹார்மோன் வந்து தட்டினால் சில நிமிடங்களில் புதிதாகச் செய்து அனுப்பியாக வேண்டும். ஒரு பெரியவருக்குச் சாதாரண நாளில் சுமார் 10 மில்லிகிராம் போதும். பெரிய அறுவைச் சிகிச்சையோ கடும் தொற்றோ வந்தால் பல மடங்கு வேண்டியிருக்கும். ஆகவே இங்கே ஹார்மோனைக் கட்டுப்படுத்துவது என்றால் அதன் தயாரிப்பைக் கட்டுப்படுத்துவதுதான்.

தயாரிப்புக்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். அது செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உள் சவ்வுக்குப் போய்ச் சேர வேண்டும், தானாகப் போகாது. வெளிச் சவ்விலிருந்து உள்ளே அதைக் கடத்திவிட ஸ்டார் என்ற புரதம் வேண்டும். 1994-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஸ்டாக்கோவின் ஆய்வுக்கூடம் இதை அடையாளம் கண்டது. இந்தப் புரதம் பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளின் அட்ரினல் செல்களில் கொலஸ்ட்ரால் குவிந்து கிடக்கும், ஹார்மோன் மட்டும் வராது. முழு ஆலைக்கும் வாசற்கதவு இதுதான். வாசலைத் தாண்டியதும் உள்சவ்வில் உள்ள நொதி 27 கார்பன் கொண்ட கொலஸ்ட்ராலிலிருந்து 6 கார்பனை வெட்டிவிடுகிறது. மிஞ்சுவது பிரெக்னெனோலோன். அது மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே வந்து இரண்டு மூன்று மாற்றங்கள் பெற்று, கடைசிப் படிக்காக மறுபடி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வருகிறது. அங்கே 11-பீட்டா ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி ஓர் ஆக்சிஜனைச் சேர்த்ததும் கார்டிசோல் தயார்.

முதல் வெட்டும் கடைசி முத்திரையும் மைட்டோகாண்ட்ரியாவில்தான் நடக்கின்றன. இரண்டையும் செய்பவை சைட்டோகுரோம் பி450 குடும்பத்து நொதிகள். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் குடும்பம் என்றே பலருக்கும் பி450 பரிச்சயம். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு உடலில் என்ன வேலை என்பது முதலில் தெரியவந்தது அட்ரினல் புறணியில்தான், 1963-ல்.

இந்த நொதிகளுக்கு எலக்ட்ரான் வேண்டும். கொடுப்பது என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு. அதனிடமிருந்து அட்ரினோடாக்சின் ரிடக்டேஸ் வாங்குகிறது, அதனிடமிருந்து அட்ரினோடாக்சின் என்ற சின்னப் புரதம் வாங்கிக்கொண்டு போய் பி450-யிடம் கொடுக்கிறது. கட்டட வேலையில் செங்கல்லைக் கைக்குக் கை தூக்கிவிடுவார்களே, அந்த மாதிரி. சிக்கல் எங்கே என்றால், அட்ரினோடாக்சினால் ஒரு தடவைக்கு ஒரு எலக்ட்ரானைத்தான் கொண்டுபோக முடியும். ஓர் ஆக்சிஜனைப் பொருத்தவோ இரண்டு எலக்ட்ரான் தேவை. முதல் எலக்ட்ரான் வந்ததும் ஆக்சிஜன் மூலக்கூறு நொதியின் இரும்பில் வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது வந்து சேர்வதற்குள் அது நழுவிவிட்டால், வாங்கிய எலக்ட்ரானையும் தூக்கிக்கொண்டு போய்விடும். அப்படிப் போவதுதான் சூப்பர்ஆக்சைடு. ஃப்ரீ ராடிக்கல் என்று பேசுகிறோமே, அதில் ஒன்று.

இந்தக் கசிவு சின்னதல்ல. 1990-களில் இஸ்ரேலில் ஹனுகோக்லு குழுவினர் மாட்டு அட்ரினலின் நொதிகளைச் சோதனைக்குழாயில் வைத்து அளந்தார்கள். கொலஸ்ட்ராலை வெட்டும் நொதி ஓரளவு ஒழுங்காக நடந்துகொண்டது. கடைசிப் படியின் 11-பீட்டா ஹைட்ராக்சிலேஸில் எலக்ட்ரான்களில் ஐந்தில் இரண்டு பங்கு வரை கசியலாம் என்று தெரிந்தது. உரிய மூலப்பொருள் இல்லாதபோதும், அதன் இடத்தில் வேறொரு ஸ்டீராய்டு வந்து உட்கார்ந்துகொண்டபோதும் கசிவு கூடும். செய்து முடித்த கார்டிசோலே திரும்பி வந்து அந்த இடத்தை அடைத்துக்கொண்டு கசிவைக் கூட்டவும் செய்யும்.

இதிலிருந்து ஒன்று கிடைக்கிறது. கார்டிசோல் எவ்வளவு வேகமாகத் தயாராகிறதோ, அந்த வேகத்துக்குத் தக்கபடி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆக்சிஜன் கழிவும் சேர்கிறது. வெளியிலிருந்து வரும் புகையோ பூச்சிமருந்தோ வேண்டியதில்லை. ஹார்மோன் தயாரிப்பிலேயே இது அடங்கியிருக்கிறது.

சரி, சூப்பர்ஆக்சைடு வந்துவிட்டது. செல் அதை உடனே ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றிவிடும். புண் கழுவப் பயன்படுத்துகிறோமே, அதே பொருள், ஆனால் மிகமிகச் சிறிய அளவில். பெராக்சைடு ஓரளவு சாதுவானது. கண்டதையெல்லாம் தாக்காது, கொஞ்ச தூரம் பயணம் செய்யும், சவ்வுகளைக் கடக்கும். இரும்பைச் சந்தித்தால்தான் ஆபத்து. அப்போது உருவாகும் ஹைட்ராக்சில் ராடிக்கல் பக்கத்தில் எது இருந்தாலும் விடாது. அட்ரினல் செல்லிலோ இரும்பு கொண்ட நொதிகளும் எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பும் நிறைந்திருக்கின்றன. எண்ணெய்க் கடைக்குள் அடுப்பு எரிகிற நிலைமை. கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து செல் சாகும் ஃபெராப்டோசிஸ் என்ற வகை மரணத்துக்கு அட்ரினல் புறணிச் செல்கள் மற்றவற்றைவிட எளிதாக ஆளாகின்றன என்று 2019-ல் காட்டப்பட்டதில் வியப்பில்லை.

அதனால் காவலும் பலமாக இருக்கிறது. முக்கியமான காவலாளி பெராக்சிரெடாக்சின்-3 என்ற புரதம். மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகும் பெராக்சைடில் பெரும்பங்கை இதுதான் தண்ணீராக மாற்றுகிறது. இதன் வேலை ஒரு சிஸ்டீன் அமினோ அமிலத்தில் உள்ள கந்தக அணுவை நம்பியிருக்கிறது. பெராக்சைடு வந்தால் கந்தகம் ஓர் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும். பிறகு தயோரெடாக்சின்-2 வந்து அதைப் பழைய நிலைக்குத் திருப்பும். தயோரெடாக்சினை தயோரெடாக்சின் ரிடக்டேஸ் புதுப்பிக்கும். அதைப் புதுப்பிப்பது யார்? மறுபடி அதே என்ஏடிபிஹெச்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஹார்மோனைச் செய்யவும் என்ஏடிபிஹெச், அதைச் செய்யும்போது வந்த கழிவை அள்ளவும் என்ஏடிபிஹெச். ஒரே பணப்பையிலிருந்து இரண்டு செலவு. சுரப்பி வேகமாக ஓடும்போது இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. இந்தப் பையை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நிரப்பிக் கொடுப்பவற்றில் முக்கியமானது என்என்டி என்ற நொதி. அது பிறகு வரும்.

கேள்வியின் மையத்துக்கு இப்போது வரலாம். இதுவரை சொன்னது கழிவும் துப்புரவும். பெராக்சைடு செய்தி சொல்லும் சமிக்ஞையாக வேலை செய்வது எங்கே?

பெராக்சிரெடாக்சினின் கந்தகத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. பெராக்சைடு மிக வேகமாக வந்துகொண்டேயிருந்தால், ஓர் ஆக்சிஜனோடு நிற்காமல் இன்னொன்றையும் வாங்கிவிடும். அப்புறம் தயோரெடாக்சினால் அதைத் திருப்ப முடியாது. காவலாளி செயலற்று நின்றுவிடுவார். வெகுகாலம் இதை மீளமுடியாத சேதம் என்றே நினைத்தார்கள். 2003-ல் ஈஸ்டில் சல்ஃபிரெடாக்சின் என்ற புரதம் கண்டுபிடிக்கப்பட்டது. செல்லின் எரிபொருளான ஏடிபி-யைச் செலவழித்து, செயலற்ற பெராக்சிரெடாக்சினை மறுபடி எழுப்புவது மட்டுமே அதன் தொழில். விபத்தாக நடக்கும் சேதத்துக்காக இப்படி ஒரு தனிப் புரதத்தை உயிரினங்கள் இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருக்குமா? காவலாளி அசந்துபோவதும் திட்டத்தின் பகுதியாக இருக்கலாமே என்ற எண்ணம் அப்போதுதான் வலுத்தது. அதே 2003-ல் இதற்கு மதகை உவமை சொன்னார்கள். எனக்கு ஏரிக் கலிங்கு இன்னும் பொருத்தமாகப் படும். ஏரி நிறையும்வரை கலிங்கு சும்மா இருக்கும். நிறைந்ததும் தண்ணீர் அதன் வழியே வழிந்து ஓடும். வழிகிற தண்ணீரைப் பார்த்தே ஏரி நிறைந்துவிட்டது என்று ஊர் தெரிந்துகொள்ளும்.

அட்ரினலில் அந்தக் கலிங்கு உண்மையில் இருப்பதை 2012-ல் தென் கொரியாவின் சியோலில் ரீ சூ கூ தலைமையிலான குழு சுண்டெலிகளில் காட்டியது. (எலிகளுக்கு கார்டிசோல் கிடையாது. அவற்றின் அட்ரினலில் ஒரு நொதி இல்லாததால் கார்டிகோஸ்டீரோனோடு நின்றுவிடும். வேலை ஒன்றுதான்.) ஏசிடிஹெச் வருகிறது, கார்டிகோஸ்டீரோன் தயாரிப்பு வேகம் பிடிக்கிறது. கடைசிப் படியின் நொதியிலிருந்து பெராக்சைடு கசிகிறது. பெராக்சிரெடாக்சின்-3 சமாளித்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் செயலற்றுப்போகிறது. இப்போது பெராக்சைடு மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே வழிகிறது. வெளியே பி38 என்ற கைனேஸ், அதாவது செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் ஒரு நொதி, அதனால் தூண்டப்படுகிறது. பி38 தூண்டப்பட்டால் ஸ்டார் புரதம் புதிதாகத் தயாராவது குறைகிறது. ஸ்டார் குறைந்தால் கொலஸ்ட்ராலுக்கு வாசல் சாத்தப்படுகிறது. தயாரிப்பு தணிகிறது.

கடைசிப் படியில் பிறந்த பெராக்சைடு முதல் படியின் கதவைச் சாத்துகிறது! எவ்வளவு செய்து முடித்தோம் என்ற கணக்கு பெராக்சைடு வடிவில் வாசலுக்குப் போய்ச் சேர்கிறது. கார்டிசோல் அதிகமானால் அது மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் போய் ஏசிடிஹெச்சைக் குறைக்கும் என்பது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. அது தலையிலிருந்து வரும் உத்தரவு. இதுவோ மூளையைக் கேட்காமல் செல் தானே போட்டுக்கொள்ளும் பிரேக்.

பிரேக் எப்போது விடும்? ஏசிடிஹெச்சே சல்ஃபிரெடாக்சினின் அளவையும் கூட்டுகிறது, ஆனால் அது தாமதமாக வந்து சேர்கிறது. வந்ததும் பெராக்சிரெடாக்சினை எழுப்புகிறது, பெராக்சைடு அடங்குகிறது, பி38 ஓய்கிறது, வாசல் திறக்கிறது. இந்த ஏற்ற இறக்கம் 24 மணி நேரச் சுழற்சியில் நடக்கிறது என்பதையும் அந்தக் குழு கண்டது. செயலற்ற பெராக்சிரெடாக்சின், தூண்டப்பட்ட பி38, சல்ஃபிரெடாக்சின் மூன்றும் தினமும் ஏறி இறங்கின. ஸ்டீராய்டு சுரக்கும் திசுக்களில் மட்டும் சல்ஃபிரெடாக்சினை நீக்கிப் பார்த்தபோது, பெராக்சிரெடாக்சின் எழவே இல்லை, கார்டிகோஸ்டீரோனின் தினசரி ஏற்ற இறக்கமும் மங்கிவிட்டது. மனிதரில் கார்டிசோல் காலையில் உச்சத்திலும் நள்ளிரவை ஒட்டி அடித்தட்டிலும் இருக்கிறது. அந்தத் தாளத்துக்கு மூளையின் கடிகாரமே பெரும் பொறுப்பு. சுரப்பிக்குள்ளும் ஒரு தாளம் இருக்கிறது என்பதையும், அதில் பெராக்சைடுக்குப் பங்கு உண்டு என்பதையும் இந்த எலிகள் காட்டின.

இதோடு சேர்த்து எனக்குப் பிடித்த இன்னொரு கண்டுபிடிப்பு. 2011-ல் கேம்பிரிட்ஜில் ஜான் ஓ'நீலும் அகிலேஷ் ரெட்டியும் மனிதச் சிவப்பணுக்களை எடுத்து இருட்டில் வைத்துப் பார்த்தார்கள். சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, ஆக மரபணு இயங்க வழியில்லை. அப்படியும் அதிலுள்ள பெராக்சிரெடாக்சின் ஏறத்தாழ 24 மணி நேரத் தாளத்தில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மீண்டுகொண்டிருந்தது.

ஆக, நடு அடுக்கில் பெராக்சைடு பிரேக். வெளி அடுக்கில் கதை திரும்பிவிடுகிறது. அங்கே ஆல்டோஸ்டீரோனைத் தூண்டுவது முக்கியமாக ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோன். மனித அட்ரினல் செல்களை வளர்த்துச் செய்த சோதனைகளில் ஆஞ்சியோடென்சின் முதலில் பெராக்சைடை உண்டாக்குகிறது, அந்தப் பெராக்சைடு ஆல்டோஸ்டீரோன் தயாரிப்பைக் கூட்டுகிறது. இது கசிவால் வந்ததல்ல, சமிக்ஞைக்கென்றே உள்ள ஆக்சிடேஸ் நொதி செய்தது. தனியாக இன்னொரு ஆய்வில், லினோலெயிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்து உருவாகும் ஒரு பொருள் எலியின் அட்ரினல் செல்களில் ஆல்டோஸ்டீரோனைக் கூட்டியது. உடல்பருமன் உள்ளவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்து அதிலிருந்து வந்தது. லினோலெயிக் அமிலம் நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் இருக்கிறது என்பதற்காக யாரும் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டாம், அது செல்லில் கண்டது. இங்கே கவனிக்க வேண்டியது, ஒரே பொருள் ஒரு சுரப்பியின் ஓர் அடுக்கில் முடுக்கியாகவும் அடுத்த அடுக்கில் பிரேக்காகவும் இருக்கிறது என்பது. "பெராக்சைடு அட்ரினலைக் கெடுக்கும்" என்று மொத்தமாகச் சொல்ல இயலாததற்கு இதுவே போதும்.

கெடுக்கவே கெடுக்காதா? கெடுக்கும். அதற்குத் தெளிவான சாட்சி, பிறவியிலேயே கார்டிசோல் சுரக்காத சில குழந்தைகள். குடும்பவழி குளுக்கோகார்டிகாய்டு குறைபாடு என்ற அரிய நோய். குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வரும், தொற்று அடிக்கடி வரும், தோல் கறுக்கும். தோல் கறுப்பதற்குக் காரணம், கார்டிசோல் இல்லாததால் பிட்யூட்டரி ஓயாமல் அனுப்பும் ஏசிடிஹெச் தோலின் நிறமிச் செல்களையும் தூண்டிவிடுவது. இந்தக் குழந்தைகளில் பலருக்கு ஏசிடிஹெச்சின் ஏற்பியிலோ அதற்குத் துணையான புரதத்திலோ பழுது இருந்தது. சிலருக்கு அவையெல்லாம் சரியாக இருந்தும் நோய் இருந்தது. 2012-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகக் குழு அவர்களில் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தது. அதுதான் என்என்டி, பணப்பையை நிரப்புகிறது என்று சொன்னேனே, அந்த நொதி.

என்என்டி உடம்பின் எத்தனையோ திசுக்களில் இருக்கிறது. ஒரு சிலருக்கு இதயம், தைராய்டு போன்றவையும் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் முதலில் விழுவது பெரும்பாலும் அட்ரினலின் நடு அடுக்குதான். கசிவு மிக அதிகமான கடைசிப் படி அங்கே இருக்கிறது. மற்ற திசுக்கள் குறைந்த வருமானத்திலும் ஒப்பேற்றிவிடும், இங்கே செலவு அதிகம். 2014-ல் அதே குழு ஒரு காஷ்மீரிக் குடும்பத்தில், நெருங்கிய உறவில் திருமணம் செய்துகொண்ட வழிவந்தவர்களில், இதே நோயைப் பார்த்தது. பழுது தயோரெடாக்சின் ரிடக்டேஸ்-2 மரபணுவில். பெராக்சிரெடாக்சின் சங்கிலியின் அடுத்த கண்ணி. நோயாளிகளிடமிருந்தே இந்தச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக வெளிப்பட்டதைப் பாடத்தில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதற்கு ஒரு எலிக் கதை உண்டு, ஆய்வகங்களில் வேலை செய்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. உலகெங்கும் பரவலாகப் பயன்படும் ஆய்வக எலி வகை சி57பிஎல்/6ஜே. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து வருவது. இந்த எலிக்கு என்என்டி மரபணுவில் ஐந்து எக்சான்கள் (புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டுகள்) விழுந்துபோய்விட்டன, நொதியே கிடையாது. 2005 வாக்கில் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் எலிகளின் சர்க்கரைக் கோளாற்றைத் துருவியபோதுதான் இது தெரிந்தது. அதற்கு நெருங்கிய இன்னொரு கிளையான 6என் எலியில் மரபணு முழுசாக இருக்கிறது. 6ஜே எலிக்கு அட்ரினலின் நடு அடுக்கு கொஞ்சம் ஒழுங்கு குலைந்திருக்கும், செல் சாவு கூடுதல், கார்டிகோஸ்டீரோன் குறைவு. குழந்தைகளைப் போல எலி நோயில் விழுவதில்லை. ஆனால் மன அழுத்த ஹார்மோன் பற்றிய சோதனையில் ஒரு குழுவுக்கு 6ஜே, ஒப்பீட்டுக்கு 6என் என்று அறியாமல் எடுத்துவிட்டால், வருகிற வித்தியாசம் மருந்தால் வந்ததா எலியால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

அதே எலிகளில் 2018-ல் வந்த முடிவு இந்தக் கேள்விக்கே பதில் மாதிரி. என்என்டி இல்லாத எலி, சரியான அளவில் உள்ள எலி, தேவைக்கு மேல் உள்ள எலி மூன்றையும் ஒப்பிட்டார்கள். இல்லாத எலியில் கார்டிகோஸ்டீரோன் குறைந்தது, எதிர்பார்த்ததுதான். தேவைக்கு மேல் உள்ள எலியிலும் குறைந்தது! இரண்டிலும் கொலஸ்ட்ராலை வெட்டும் நொதியின் அளவு சரிந்திருந்தது. தற்காப்பைக் கூட்டிக்கொண்டே போனால் ஹார்மோனும் கூடிக்கொண்டே போகும் என்ற கணக்கு இங்கே பொய்த்துவிட்டது. சமநிலை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தயாரிப்பு படுக்கிறது.

வேறு வழியில் வரும் சேதமும் உண்டு. கண்ணீர் வராமை, உணவுக்குழாயில் உணவு இறங்காமை, அட்ரினல் குறைபாடு மூன்றும் சேர்ந்த ஆல்குரோவ் நோய்த்தொகுதி 1978-ல் விவரிக்கப்பட்டது. அதில் பழுதாவது உட்கருவின் வாசலில் இருக்கும் அலாடின் என்ற புரதம். அது சரியில்லாவிட்டால் தற்காப்புக்கு வேண்டிய சில புரதங்கள் உட்கருவுக்குள் நுழைய முடியாமல் போகின்றன, செல் ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் பலியாகிறது. வயதாவதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆக்சிஜனேற்ற அழுத்தம் பி38 வழியாகவே அட்ரினல் செல்லின் ஸ்டீராய்டு தயாரிப்பைக் குறைக்கிறது என்று 2008-லேயே செல் ஆய்வு காட்டியிருந்தது. அன்றாடம் பிரேக் போடும் அதே பாதை, நிரந்தரமாக அழுத்தியபடி இருந்தால் நோயாகிறது.

வைட்டமின் சி பற்றிச் சொல்லாமல் முடியாது, ஏனென்றால் அது கண்டெடுக்கப்பட்டதே அட்ரினலிலிருந்துதான். வாழைக்காயை நறுக்கினால் கறுக்கும், அதனால் தண்ணீரிலோ மோரிலோ போட்டு வைப்போம். எலுமிச்சையை நறுக்கினால் கறுக்காது. ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி என்ற ஹங்கேரிய விஞ்ஞானியை 1920-களில் இந்த வித்தியாசம் பிடித்து ஆட்டியது. அட்ரினல் பழுதாகும் அடிசன் நோயில் மனிதத் தோல் கறுப்பதும், வெட்டிய பழம் கறுப்பதும் ஒரே வகை ஆக்சிஜனேற்றமாக இருக்குமோ என்று யோசித்தார். அட்ரினலில் அதைத் தடுக்கும் பொருள் இருக்க வேண்டும் என்று தேடினார். கேம்பிரிட்ஜில் மாட்டு அட்ரினலிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து 1928-ல் வெளியிட்டார். அதுதான் வைட்டமின் சி என்பது 1932-ல் உறுதியானது, 1937-ல் நோபல் பரிசும் வந்தது. தோல் கறுப்புக்கு அவர் நினைத்த காரணம் தவறு. ஏசிடிஹெச்தான் காரணம் என்று மேலே சொன்னேன். ஆனால் தவறான யூகம் சரியான சுரப்பிக்குக் கூட்டிக்கொண்டு போனது.

உடம்பிலேயே வைட்டமின் சி செறிவாக உள்ள உறுப்புகளில் அட்ரினல் ஒன்று. ஏசிடிஹெச் போட்டால் எலியின் அட்ரினலில் வைட்டமின் சி குறையும் என்பது 1940-களிலேயே தெரியும். மருந்தில் ஏசிடிஹெச் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கவே அந்தக் குறைவைப் பயன்படுத்தினார்கள். மனிதரிலும் ஏசிடிஹெச் கொடுத்த சில நிமிடங்களில் அட்ரினல் சிரையில் வைட்டமின் சி நாலு மடங்குக்கு மேல் ஏறுகிறது என்று 2007-ல் காட்டினார்கள். மெடுல்லாவில் நார்அட்ரினலின் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி கட்டாயம் வேண்டும்.

அப்படியானால் மாத்திரை நல்லதுதானே என்று கேட்கலாம். குறைபாடு இருந்தால் நல்லது. குறைபாடு இல்லாதவர் ஒரு நாளைக்குச் சில நூறு மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் ரத்த அளவு அதற்குமேல் பெரிதாக ஏறாது, மிச்சம் சிறுநீரில் போகும். ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ அன்றைய தேவையைத் தாராளமாகத் தீர்த்துவிடும். அதிகமாக எடுத்தால் சமிக்ஞைக்கே குறுக்கே நிற்கும் சாத்தியமும் இருக்கிறது. 2009-ல் ஜெர்மனியில் உடற்பயிற்சி செய்தவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினம் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் கூடவே வைட்டமின் இ-யும் கொடுத்தார்கள். உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் பலன் அவர்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அது தசையில் நடந்தது, அட்ரினலில் அல்ல. ஆனால் ஆக்சிஜன் சமிக்ஞையை மொத்தமாக அணைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம்.

அட்ரினல் களைப்பு, அதாவது அட்ரினல் ஃபட்டீக், என்ற பெயருக்கு வருகிறேன். அப்படியொரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவச் சங்கங்கள் ஏற்கவில்லை. 2016-ல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்களும் ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். நீடித்த மன அழுத்தத்தில் சுரப்பி தீர்ந்துபோவதில்லை. இதுவரை சொன்ன பிரேக்கும் அதன் விடுவிப்பும் தினசரி நடக்கும் ஒழுங்கான வேலை, களைப்பின் அறிகுறி அல்ல. இந்தப் பெயரில் விற்கும் மாத்திரைகள் மீது எனக்கு நிஜமான பயம் உண்டு. 2018-ல் அமெரிக்காவில் கடையில் கிடைத்த 12 "அட்ரினல் சப்போர்ட்" தயாரிப்புகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் சிறிதளவு தைராய்டு ஹார்மோன் இருந்தது, பலவற்றில் ஸ்டீராய்டும் இருந்தது. லேபிளில் சொல்லாத ஹார்மோனைத் தினமும் விழுங்கினால் உங்கள் சுரப்பிதான் சோம்பும்.

நிஜமான அட்ரினல் குறைபாடு வேறு. எடை இறங்கிக்கொண்டே போவது, எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்புக்கு ஏக்கம், வாந்தி, ஈறிலும் உள்ளங்கை ரேகையிலும் பழைய தழும்பிலும் கறுப்பு. நம் நாட்டில் காசநோய் அட்ரினலைத் தாக்கி இப்படி ஆவது இன்றும் உண்டு. மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் கார்டிசோல் இல்லாமல் விழுவார்கள். என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத வலிப்பொடி சாப்பிட்டவர்களும் இதில் சேர்த்தி. அப்படி எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சந்தேகம் இருந்தால் காலை எட்டு மணி வாக்கில் ரத்தத்தில் கார்டிசோலும் ஏசிடிஹெச்சும் பார்ப்பார்கள். தெளிவில்லை என்றால் 250 மைக்ரோகிராம் செயற்கை ஏசிடிஹெச் ஊசி போட்டு, அரை மணியிலும் ஒரு மணியிலும் கார்டிசோல் ஏறுகிறதா என்று அளப்பார்கள். ஏறினால் உங்கள் சுரப்பி நன்றாக வேலை செய்கிறது. அசதிக்குக் காரணத்தை ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, தூக்கம் என்று வேறிடத்தில் தேட வேண்டும்.